நான் வரவழைத்துக்கொண்ட ஸ்காட்லாந்துத் தாத்தா

சில வருடங்களுக்கு முன்பு, நாங்கள் வளைகுடாவில், புஜைராவில் குடியிருந்தபோது நடந்தது இது. கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் எனக்குப் பெர்மிட் கொடுக்கும் வேலை. டேங்குக்குள் யார் இறங்க வேண்டுமென்றாலும், ஒரு குழாயில் வெல்டிங் வைக்க வேண்டுமென்றாலும் என் கையெழுத்து வேண்டும். எதையும் மூன்று தடவை சரிபார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டான் என்று சைட்டில் என்னைக் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்காமல் வாயை விட்டு, மூன்று மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தேன்.

முதலில் என் அப்பாவின் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் என்ன என்பது மட்டும் வேண்டாம். நாங்கள் நாகர்கோவில் பக்கம். பழைய மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர்கள், பள்ளிக்கூடம் கட்டிய பாதிரியார்கள் ஆகியோரின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைப்பது எங்கள் சபைக் குடும்பங்களில் சாதாரணம். அப்பா பிறக்கும்போது அவருடைய அம்மாவுக்கு மூன்று நாள் வலி. கட்டிலில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்கார டாக்டர் சோறு தண்ணீர் இல்லாமல் கூடவே இருந்து இரண்டு உயிரையும் மீட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த நன்றிக்கு அவர் பெயரையே பிள்ளைக்கு வைப்பது என்று முடிவானது. பெயரை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? டாக்டரின் அறை வாசலில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்து. முன்னால் ஓர் இங்கிலீஷ் எழுத்து, பின்னால் ஒரு பெயர். நம் வழக்கப்படி முன்னால் நிற்பது டாக்டருடைய அப்பாவின் இனிஷியல், பின்னால் வருவதுதான் அவர் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அது ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய வம்சத்தின் குடும்பப் பெயர் என்றோ, டாக்டரின் சொந்தப் பெயர் அந்த ஒற்றை எழுத்துக்குள் இருக்கிறது என்றோ யாருக்குத் தெரியும்? இப்படியாக, ஒரு வம்சத்தின் பெயரைத் தன் ஒருவனுக்கே உரிய பெயராகக் கொண்டு என் அப்பா வளர்ந்தார், அரசு பஸ்ஸில் நடத்துநராக வேலை பார்த்து ஓய்வும் பெற்றார்.

எனக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எல்லோரையும் போல அப்பாவின் பெயரை எழுதினேன். வளைகுடாவுக்கு வந்ததும் என் பெயர் பின்னால் போய், மிஸ்டர் என்று போட்டு அப்பாவின் பெயரால் என்னை அழைக்க ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். பிறகு பழகிவிட்டது.

அந்த வருடம் கம்பெனி கை மாறியது. ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று கேன்டீனில் தினமும் ஒரு வதந்தி. பெர்மிட் பிரிவில் பாதிப் பேருக்குக் கலாஸ், கதை முடிந்தது என்றார்கள். என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. என் விசா போனால் அவளும் அவள் அம்மாவும் நடு வருடத்தில் மூட்டை கட்ட வேண்டும். அந்த நேரத்தில்தான் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்கிய ஸ்காட்லாந்துக்காரர், மனைவியை இழந்தவர், தனி ஆள். அவருடைய குடும்பப் பெயர்தான் என் அப்பாவின் பெயர்.

வந்த மூன்றாம் நாளே என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஊழியர் பட்டியலில் என் பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து கையைக் குலுக்கி, இந்தப் பெயர் உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். அப்பா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமெல்லாம் சொல்கிற கதைதானே. ஆனால் என் கண்ணில் அந்தப் பென்சில் கோடுதான் தெரிந்தது. என் தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர் என்று குடும்பத்தில் சொல்வார்கள், சரியாகத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். என் நிறத்தைப் பார்த்தாவது சந்தேகப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கோ முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் அவருக்குக் கசின். சைட்டில் நாலு பேர் முன்னால் கசின் என்றுதான் கூப்பிடுவார். பிலிப்பினோ ஃபோர்மேன் முதல் டீ கொண்டு வருகிற வங்காளி பாய் வரைக்கும் என்னைத் துரை என்று கலாய்க்க ஆரம்பித்தார்கள். அவர் ஊருக்குப் போய் வந்தபோது தங்கள் வம்சத்துக்கே உரிய கட்டம் என்று ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வந்து கொடுத்தார். புஜைரா வெயிலில் கம்பளி! என் மனைவி அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரு லுங்கி டிசைனாக்கும். இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்று கேட்டாள். அவளிடம்கூட நான் விஷயத்தைச் சொல்லவில்லை.

சால்வையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் மேஜை அகலத்துக்கு ஒரு காகிதத்தை விரித்தார். அவருடைய வம்சாவளி. மேலேயிருந்து கீழே கிளை கிளையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பெயர். ஒரே ஓர் இடத்தில் கோடு போய்க் காலியாக நின்றது. அவருடைய தாத்தாவின் தம்பி. கப்பலில் மெட்ராஸுக்குப் போனவர், இரண்டு கடிதம் போட்டார், அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. மேனேஜரின் அக்கா ஒருத்தி, எழுபதைத் தாண்டியவள், அங்கே முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். அந்தத் தாத்தாவின் கதி என்ன என்று வாழ்நாள் முழுக்கத் தேடியவளாம். அந்தக் காலிக் கோட்டுக்குக் கீழே அவர் பென்சிலால் லேசாக ஒரு பெட்டி வரைந்து அதில் என் அப்பாவின் பெயரை எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அதற்கும் கீழே நான்.

அந்தக் கேள்விக்குறியைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வாரங்களை ஓட்டினேன். இன்னும் உறுதியாகவில்லையே, குடும்பத்தில் சொல்வார்கள் என்றுதானே சொன்னேன் என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். கம்பெனியின் குடும்ப விழாவில் என் மகள் மார்பில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தார். அவள் பெயருக்குப் பின்னால் என் பெயர் இருந்தது. வம்சத்தின் பெயர் இல்லையே, ஏன் என்றார். எங்களுக்கு அப்பா பெயர்தான் பின்னால் வரும், ஒவ்வொரு தலைமுறைக்கும் அது மாறும் என்று உளறினேன். மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன். அவரோ சந்தோஷமாகத் தலையாட்டி, பழைய காலத்தில் எங்கள் மலைப்பக்கத்திலும் அப்படித்தான், இன்னாரின் மகன் என்பதுதான் பெயர், பிறகு எப்போதோ ஒரு தலைமுறையில் அது அப்படியே உறைந்துபோய்க் குடும்பப் பெயராகிவிட்டது என்றார். பாக்கெட் நோட்டை எடுத்துக் குறித்தும் கொண்டார். அப்புறம் எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். இரண்டே நாளில் பதில் வந்தது. அக்கா அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறாள், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டி அழுகிறாள் என்று சொன்னார். சொல்லும்போது அவர் குரலும் உடைந்தது. நான் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா விசிட் விசாவில் வருவதாக முடிவானது. ஆறு மாதத்துக்கு முன்பே போட்ட திட்டம், தள்ளிப்போட வழியில்லை. விமான நிலையத்துக்குப் போக நான் அரை நாள் லீவு கேட்டேன். காரணம் என்ன என்ற கட்டத்தில் வழக்கம்போல உண்மையை எழுதித் தொலைத்தேன். மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வருகிற சனிக்கிழமை மதியம் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், உங்கள் அப்பாவிடம் நேரில் கேட்டு அந்தக் கேள்விக்குறியை அழித்துவிடலாம் என்றார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிவிட்டது, மேனேஜர் கையெழுத்துக்குத்தான் காத்திருக்கிறது என்று வேறு பேச்சு. அப்பாவோ வாயில் எதுவும் நிற்காத மனிதர். முப்பது வருடம் பஸ்ஸில் ஆட்களோடு கத்திப் பழகியவர். பெயர்க் கதையைக் கேட்டால் போதும், பலகையிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

ஷார்ஜா விமான நிலையத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு மலைகளுக்கு நடுவே வண்டியை விட்டேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, இவ்வளவு மலை இருக்கிறது, ஒரு பச்சை இலை இல்லையே என்று அதிசயப்பட்டுக்கொண்டிருந்தார். நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். வேலை நிலவரம், மகளின் படிப்பு, மேனேஜர் கேட்டது, நான் சொன்னது, எல்லாம். கடைசியில், சனிக்கிழமை அவர் வரும்போது "ஆமா, எனக்க அப்பா ஸ்காட்லாந்து" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினேன்.

அப்பா ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு, "வண்டிய ஓரமா நிறுத்து லே" என்றார். நிறுத்தினேன்.

"அப்போ எனக்க அம்மைய நீ என்னண்ணு சொல்லியிருக்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்ஜினை அணைத்தேன். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தில் அப்பாவின் பெட்டிக்கு மேலே அந்தத் தொலைந்துபோன ஆளை வைக்க நான் தலையாட்டியபோது, அப்பாவைப் பெற்ற அம்மாவை எங்கே கொண்டு வைத்தேன்?

"எனக்க அப்பன் பனையேறியாக்கும். காலையிலயும் சாயங்காலமும் நாப்பது பனை ஏறி எறங்குன மனுஷன். எங்க அம்மைய கட்டில்ல போட்டு ஒரு தலப்புல தோள் குடுத்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடுனவன். அவன நீ இல்லண்ணு ஆக்கிட்டியே மக்கா."

அவர் கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார். வீடு வந்து சேரும் முன்பு இன்னொன்றும் சொன்னார். "நான் சொன்னா அது ஒன்னைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும். நீதான் சொல்லணும். வேலை போனா போட்டு."

சனிக்கிழமை மதியம் மேனேஜர் வந்தார். வெள்ளைச் சட்டை, தலையை நன்றாகப் படிய வாரியிருந்தார். கையில் ஒரு டின் பிஸ்கட், கக்கத்தில் சுருட்டிய காகிதம். அப்பாவைக் கண்டதும் இரண்டு கையாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டு விடவே இல்லை. என் மனைவி மீன் குழம்பும் அவியலும் வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு ஒரு ஆசை. ஆனால் அவர் உட்கார்ந்த கையோடு காகிதத்தை விரித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு அழிரப்பரை எடுத்து வைத்தார். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. நான் சொன்னது பொய் என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் கோட்டைப் பார்த்துப் பயந்தது வரைக்கும். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் டின்னில் வரைந்திருந்த மலையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். அவர் அழிரப்பரை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்போது அப்பா ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ், ஸ்டாப், டிக்கெட், ரைட் ஆகிய மூன்றும்தான். அதனால் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பிள்ளே, நான் சொல்லுகத அப்பிடியே சொல்லணும், கேட்டியா" என்று தொடங்கினார். பனையேறி, கட்டில், மூன்று நாள், பலகை. இங்கிலீஷிலேயே வளர்ந்த என் மகள் இந்தக் கதையை முழுசாகக் கேட்பதும் அன்றைக்குத்தான். நடுவில் ஓரிடத்தில் அவள் மொழிபெயர்க்க முடியாமல் நிறுத்திவிட்டாள், அப்பா காத்திருந்து பிறகு தொடர்ந்தார்.

மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, அந்த டாக்டரின் சொந்தப் பெயர் என்ன என்பது. தெரியாது, ஓர் எழுத்துதான் தெரியும் என்றோம். பிறகு அவர் தன் வம்சத்தைப் பற்றி ஒன்று சொன்னார். பழைய பஞ்ச காலங்களில், எந்த உறவும் இல்லாத ஏழைக் குடும்பத்தார் ஒரு படி மாவுக்காக வம்சத் தலைவனின் பெயரைத் தங்கள் பெயராக ஏற்றுக்கொள்வார்களாம். அவனுக்கு ஆள்பலம், இவர்களுக்குச் சோறு, பாதுகாப்பு. அப்படி வந்தவர்களை மாவுக்குப் பெயர் மாற்றியவர்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வதுண்டாம். தன்னுடைய கிளையும் அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும், எவ்வளவு தோண்டினாலும் தலைவனின் ரத்தத்தோடு அது போய்ச் சேரவில்லை, அக்காவிடம் இதைச் சொன்னதில்லை என்றார். என் மகள் மொழிபெயர்த்ததும் அப்பா, "நமக்குப் பேறுகாலம், அவியளுக்கு மாவு" என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவர் சிரிக்கவில்லை. அக்காவிடம் நான் என்ன சொல்வது என்று என்னைக் கேட்டார். பிறகு, நான் சொல்ல மாட்டேன், நீங்கள் சொல்லுங்கள் என்று தன் போனில் அவளைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய கிழக்குரல் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது. என் சொந்தப் பெயரை. இத்தனை வருட வளைகுடா வாழ்க்கையில் என் பெயரை அவ்வளவு கவனமாக, எழுத்துக் கூட்டிப் பழகியதுபோல உச்சரித்த வெளிநாட்டுக்காரர் யாருமில்லை. நான் உங்கள் குடும்பம் இல்லை அம்மா, வேலைக்குப் பயந்து பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள், அப்படியென்றால் நான் இந்தப் படத்தை எடுத்துவிட வேண்டுமா என்று.

நான் போனைக் கையில் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தேன். "என்ன கேக்கா?" என்றார் அப்பா. மகள் சொன்னாள்.

"இருந்துட்டுப் போட்டும்ணு சொல்லு" என்றார் அப்பா.

மேனேஜர் அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார், ஆனால் அதிகம் பேசவில்லை. வம்சாவளிக் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சைட்டில் அவர் என்னைக் கசின் என்று அழைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆட்குறைப்புப் பட்டியல் வந்தது, அதில் என் பெயர் இருந்தது. அது அவர் வேலைக்கு வரும் முன்பே தலைமை அலுவலகத்தில் முடிவானது, தன் கையெழுத்து வெறும் சடங்கு என்று அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்படியானால் நான் சொன்ன பொய்யால் காலணா பிரயோசனமில்லை. அவர் சொன்னதை நம்பினேன். முழுசாக நம்பினாயா என்று கேட்காதீர்கள். மகளின் பரீட்சை முடியும்வரை விசா இருக்கும்படி என் கடைசித் தேதியைத் தள்ளி வைத்துக் கொடுத்தார். ஒரு சிபாரிசுக் கடிதமும் கொடுத்தார், அதைக் காட்டித்தான் பஹ்ரைனில் இப்போதைய வேலை கிடைத்தது.

இப்போது அங்கே குதைபியாவில் குடியிருக்கிறோம். இங்கேயும் ஒரு இங்கிலீஷ்காரர் நான் சேர்ந்த முதல் வாரமே பெயரைப் பற்றிக் கேட்டார். இது என் அப்பா பெயர், அவருடைய அப்பா பனையேறி என்று ஆரம்பித்து பலகை வரைக்கும் சொல்லி முடித்தேன், பாவம், அவருக்கு ஒரு மீட்டிங்கே தவறிப்போனது. தன் அக்கா இன்னும் உயிரோடு இருப்பதாகப் பழைய மேனேஜர் கிறிஸ்மஸ் வாழ்த்தில் எழுதியிருந்தார், படமும் அதே இடத்தில் இருக்கிறதாம். நான் பார்த்தேயிராத ஓர் ஊரில், எங்கள் உறவே இல்லாத ஒரு கிழவி, என் பொய் தெரிந்த பிறகும் எங்களைத் தன் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிடாமல் வைத்திருக்கிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை வருவதில்லை, அந்தப் பனையேறியின் முகம் இருக்கிற ஒரு படம்கூட எங்கள் வீட்டில் இல்லையே என்றுதான் தோன்றுகிறது.